கிராம்–ஷ்மிட்: மிச்சம் சரி, செங்குத்து மட்டும் ஏன் கெடுகிறது?

பாயான்_லெப்பாஸ்:
வணக்கம். மாஸ்டர்ஸ் நியூமெரிக்கல் லீனியர் அல்ஜீப்ரா அசைன்மென்ட். 10×10 ஹில்பர்ட் அணி ஏ-யை (பிழை எவ்வளவு பெருகலாம் என்று காட்டும் கண்டிஷன் நம்பர் சுமார் 1.6×10¹³) கியூஆர் பிரிக்கணும், அதாவது நெடுவரிசைகள் ஒன்றுக்கொன்று செங்குத்தான கியூ × மேல்முக்கோண ஆர். மூன்று வழி: கிளாசிக்கல் கிராம்–ஷ்மிட், மாடிஃபைட் கிராம்–ஷ்மிட், ஹவுஸ்ஹோல்டர் (பிரதிபலிப்பு முறை). பைதான், டபுள் பிரிசிஷன் (சுமார் 16 இலக்கம்). ஏ-யிலிருந்து கியூ·ஆர்-ஐக் கழித்தால் வரும் மிச்சம் மூன்றிலும் 10⁻¹⁶ சுற்றித்தான் வருது. ஆனால் கியூ செங்குத்தா என்று பார்த்தால், கிளாசிக்கலில் பிழை 1-ஐத் தாண்டுது, மாடிஃபைடில் 10⁻⁴, ஹவுஸ்ஹோல்டரில் 10⁻¹⁵. என் கோடு தப்பா? அடுத்த பகுதி லீஸ்ட் ஸ்குவேர்ஸ் (ஏ·எக்ஸ், பி என்ற வெக்டருக்கு முடிந்தவரை அருகில் வரும்படி எக்ஸைத் தேடுவது). அதுக்கு மாடிஃபைட் போதுமா?

செந்தூல்காரன்:
கோடு சரிதான் தம்பி. அந்த மிச்சம் எதையும் நிரூபிக்காது. கிராம்–ஷ்மிட்டில் ஒவ்வொரு நெடுவரிசையிலிருந்தும் முந்தையவற்றின் திசையில் உள்ள பங்கைக் கழிக்கிறோம், என்ன கழித்தோமோ அதையே ஆர்-இல் எழுதி வைக்கிறோம். கியூ கோணலாக இருந்தாலும் திரும்பப் பெருக்கினால் ஏ வந்துவிடும்.

கெடுவது கழித்தலில். நெடுவரிசைகள் கிட்டத்தட்ட ஒரே திசையில் இருப்பதால் கழித்தபின் மிஞ்சுவது மிகச் சிறிது. 421 மீட்டர் கேஎல் டவர் உச்சியில் ஒரு சில்லிங் காசை வைத்து, கோபுரத்தைக் காசோடு ஒருமுறை, காசில்லாமல் ஒருமுறை அளந்து கழித்தால் காசின் தடிப்பு கிடைக்குமா? அளவுநாடாவின் பிழைதான் கிடைக்கும். அந்தப் பிழையை நீளம் 1 ஆகும்படி ஊதிப் பெருக்குகிறோம், அவ்வளவுதான்.

கையாலேயே போட்டுப் பார். எப்சிலான் 10⁻⁸. நெடுவரிசைகள் (1, எப்சிலான், 0, 0), (1, 0, எப்சிலான், 0), (1, 0, 0, எப்சிலான்). 1-உடன் 10⁻¹⁶ கூட்டினால் டபுளில் 1-தான். கிளாசிக்கலில் மூன்றாவதைச் சரிசெய்யும்போது, கியூ-வின் இரண்டாவது நெடுவரிசையை மூல நெடுவரிசையோடு பெருக்குவதால் அந்தப் பெருக்கம் 0 ஆகிறது, ஒன்றும் கழிபடுவதில்லை. கடைசியில் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே 90-க்குப் பதில் 60 டிகிரி! மாடிஃபைடில் முதல் கழித்தலுக்குப் பின் மிஞ்சியதோடு பெருக்குகிறோம், அதனால் இந்த இரண்டும் சரியாகச் செங்குத்து. மாடிஃபைடின் இழப்பு கண்டிஷன் நம்பர் × 10⁻¹⁶ அளவில் நிற்கும், கிளாசிக்கலில் அந்த நம்பரின் வர்க்கம் வந்துவிடும்.

மலர்_கேஎல்:
லீஸ்ட் ஸ்குவேர்ஸுக்கு மாடிஃபைட் போதும், ஆனால் கியூ-வின் டிரான்ஸ்போஸை (வரிசையும் நெடுவரிசையும் மாற்றியது) பி-யோடு பெருக்காதீங்க. பலர் தடுக்கி விழும் இடம் அதுதான். பி-யை ஏ-க்குப் பக்கத்தில் கடைசி நெடுவரிசையாக ஒட்டி, அதற்கும் சேர்த்தே மாடிஃபைட் ஓட்டுங்க. ஆர்-இன் கடைசி நெடுவரிசையில் மேலே வரும் எண்களை வலப்பக்கமாக வைத்து பின்னோக்கிப் பிரதியிட்டால் விடை. பியோர்க் 1967-இலேயே இது நிலையான முறை என்று காட்டிவிட்டார். காரணம் அழகானது: ஏ-க்கு மேலே பூஜ்ய அணியை அடுக்கி ஹவுஸ்ஹோல்டர் செய்வதும் மாடிஃபைடும் ஒரே கணக்கு.

நார்மல் ஈக்வேஷன் (ஏ-வின் டிரான்ஸ்போஸை ஏ-யோடு பெருக்கித் தீர்ப்பது) பக்கம் போகவே வேண்டாம். செந்தூல்காரன் தந்த எடுத்துக்காட்டில் அந்த 3×3 அணி முழுக்க 1 ஆகிவிடும்.

ஜெலுத்தோங்_78:
ஹவுஸ்ஹோல்டரில் ஒரு பொறி. நெடுவரிசையின் முதல் உறுப்பின் குறியையே நார்முக்கும் (வெக்டரின் நீளம்) கொடுத்துக் கூட்டணும், எதிர்க்குறி கொடுத்தால் அங்கேயும் அதே கழித்தல் வியாதி. நம்பையின் (பைதான் கணித நூலகம்) சைன், அதாவது குறி தரும் செயல்பாடு, 0-க்கு 0 தரும், அப்போது 1 என்று நீங்களே வையுங்கள்.

கிளாசிக்கலையும் ஒரேயடியாகத் தள்ளாதீங்க. அதையே ஒவ்வொரு நெடுவரிசைக்கும் இரண்டு முறை ஓட்டினால் 10⁻¹⁵-க்கு வந்துவிடும். வேலை இரட்டிப்பு, எம்×என் அணிக்குச் சுமார் 4எம்என்² கூட்டல்–பெருக்கல்கள். ஆனால் அணி–வெக்டர் பெருக்கலாகவே ஓடும், நூற்றுக்கணக்கான கோர்களில் மாடிஃபைடைவிட வேகம். இரண்டாம் சுற்றில் கழித்ததை ஆர்-இல் கூட்ட மறக்காதீங்க, மறந்தால் இந்தத் தடவை மிச்சமே தப்பாகும்.

பாயான்_லெப்பாஸ்:
நன்றி அண்ணே, அக்கா. 12×12-க்கும் இரண்டு சுற்று போதுமா?

ஜெலுத்தோங்_78:
அங்கே கண்டிஷன் நம்பர் 10¹⁶-ஐத் தாண்டுது, உத்தரவாதம் கிடையாது. ஹவுஸ்ஹோல்டர் போடுங்க.