கலைச்சொல் வேண்டும்: ‘டார்க் மணி’

அன்புள்ள குழுவினருக்கு,

கல்லூரி மாணவர்களுக்கான அரசியல் பாடநூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். அமெரிக்க மாநிலங்களில் பெருங்கொடையாளர்களின் செல்வாக்கைப் பேசும் இயலில் ‘டார்க் மணி’ என்ற சொல்லுக்குத் தமிழ் கிடைக்காமல் நிற்கிறேன். ‘கறுப்புப் பணம்’ ஆகாது. நம் வாசகருக்கு அது வரி ஏய்த்த பணம். இது கணக்கில் உள்ள பணம்தான், கொடுத்தவர் பெயர் மட்டும் வாக்காளருக்குத் தெரியாது.

நூலில் வரும் எடுத்துக்காட்டு ஒஹாயோ. ஃபர்ஸ்ட்எனர்ஜி மின் நிறுவனத்தின் தரப்பிலிருந்து சுமார் 6 கோடி டாலர் ‘ஜெனரேஷன் நவ்’ என்ற அமைப்புக்குப் போனது. சமூகநல அமைப்பு என்று பதிவானதால் அது கொடையாளர் பெயரை வெளியிட வேண்டியதில்லை. அதை ஆட்டிவைத்தவர் லாரி ஹவுஸ்ஹோல்டர். அந்தப் பணத்தில் தமக்கு வேண்டியவர்களை ஜெயிக்க வைத்து 2019 ஜனவரியில் மாநிலக் கீழவையின் தலைவரானார். ஜூலையில், நலிந்த இரண்டு அணுமின் நிலையங்களுக்கு உதவும் சட்டம் வந்தது. சுமார் 130 கோடி டாலர், மக்களின் மின்கட்டணத்தில் ஏற்றி. இந்த ஊழலுக்காக 2023இல் அவருக்கு 20 ஆண்டு சிறை.

உதவுங்கள்.
ந.

----

தம்பி ந. அவர்களுக்கு,

‘கரவு’ இருக்கும்போது ஏன் தடுமாற்றம்? கரத்தல் என்றால் ஒளித்தல். இரப்பவனுக்குத் தன்னிடம் உள்ளதை ஒளிப்பதை வள்ளுவர் ‘கரப்பு’ என்கிறார். இங்கே கொடுத்ததையே ஒளிக்கிறார்கள். ஆகவே ‘கரவுக்கொடை’.

ஆனால் ‘கொடை’ எனக்கு உறுத்துகிறது. குறள் 221இன்படி வறியவர்க்குக் கொடுப்பதுதான் ஈகை, மற்றதெல்லாம் ‘குறியெதிர்ப்பை நீரது உடைத்து’. அளந்து வாங்கி அதே அளவில் திருப்பித் தருவது குறியெதிர்ப்பை. புறம் 163இல் பெருஞ்சித்திரனார் தம் மனைவியிடம், உனக்குக் குறியெதிர்ப்பை தந்தவர்களுக்கும் கொடு என்கிறார். பக்கத்து வீட்டில் உழக்கு அரிசி கைமாற்று வாங்கும் வழக்கம் அது. மின் நிறுவனம் கொடுத்ததும் திரும்பி வரும் என்றுதானே? ‘கரவெதிர்ப்பை’ என்பேன்.

த.வே.

----

ஐயா, வணக்கம்.

குறியெதிர்ப்பை அதே அளவு திரும்புவது. 6 கோடி கொடுத்து 130 கோடிக்குச் சட்டம் வாங்குவது அந்தக் கணக்கில் வராது. அரிசி கைமாற்று வாங்கிய ஏழை வீட்டின் சொல்லை இவர்களுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. மறுமையில் பலன் வரும் என்று கணக்குப் பார்த்து அறம் செய்பவனை ‘அறவிலை வணிகன்’ என்று புறம் 134 சொல்லும், அந்த ஆளாவது கொஞ்சம் பக்கத்தில் வருவான்.

செய்தி மேசையிலிருந்து சொல்கிறேன்: ‘கரவெதிர்ப்பை’யைப் படிப்பவர் அடுத்த வரிக்குப் போகமாட்டார். மின்கட்டணம் ஏன் ஏறியது என்று கேட்பவருக்குப் புரியாவிட்டால் அந்தச் சொல்லும் சேர்ந்துதான் மறைக்கும். ‘பெயர் மறைத்த நிதி’ போதும்.

செ.

----

செ. அம்மாவை வழிமொழிகிறேன். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், கட்சிகளுக்குக் கொடுத்தவர் பெயரை வாக்காளருக்குக் காட்டாத தேர்தல் பத்திரத் திட்டத்தை ரத்து செய்ததும் வாக்காளரின் அறியும் உரிமையை வைத்துத்தான். ‘பெயர் மறைத்த நிதி’ என்றால் என் வகுப்பில் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.

அப்புறம், ‘இன்டரெஸ்ட் குரூப்’புக்கு (தம் தரப்புக்காக அரசை வற்புறுத்தும் அமைப்பு) வைக்கும் ‘நலக்குழு’வையும் பாருங்கள். ‘ஆர்வக் குழு’ என்று சிலர் எழுதுகிறார்கள், கோலப்போட்டி ஆர்வலர்கள் போல இருக்கிறது. ‘நலம்’ என்றால் பொதுநலம் என்று மாணவர் எடுத்துக்கொள்கிறார்கள். ‘ஆதாயக் குழு’ என்றால் ஆசிரியர் சங்கங்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் கோபிக்கும். ‘அழுத்தக் குழு’ பாடநூல்களில் பழகிய சொல். அதையே வையுங்கள்.

கு.

----

எல்லோருக்கும் நன்றி. தனியாக எழுதியவர்களையும் சேர்த்தால் ‘பெயர் மறைத்த நிதி’ பக்கம்தான் ஆள் அதிகம். ‘அழுத்தக் குழு’வும் சரி. ‘கரவுக்கொடை’யைச் சொல்லடைவில் மாற்றுச்சொல்லாகச் சேர்க்கிறேன். ‘லாபி’க்கு (சட்டமியற்றுபவர்களை அணுகி வேண்டியதைக் கேட்பது) சொல் தேட நேரமில்லை, அப்படியே விடுகிறேன்.

ந.

----

தம்பி,

அச்சுக்கு நேரமானால் போகட்டும். செ. அவர்கள் சொன்ன அளவுக்கணக்கு சரிதான், ‘எதிர்ப்பை’யைக் கைவிடுகிறேன். ‘பெயர் மறைத்த நிதி’யை மட்டும் ஏற்கமாட்டேன். அங்கே பெயரோடு பேரத்தையும் மறைத்தார்கள். பெயர் தெரிந்தே கொடுக்கிற கொடையாளர் சட்டமன்றத்தில் கேட்டு வாங்குவது என்ன என்பதற்கு இந்தச் சொல்லில் இடமில்லை, மாணவன் பெயர் வெளிவந்தால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வான். அடிக்குறிப்பிலாவது அந்த 6 கோடியையும் 130 கோடியையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். உடன்பட்டவர் பட்டியலில் என்னைச் சேர்க்க வேண்டாம்.

த.வே.