ஒன்றரை வயதுப் பையனுக்குக் குடலிறக்கம், மீன்பிடித் தடைக்காலம் வரை தள்ளிப்போடலாமா?

பாம்பன் அம்மா
அழும்போதும் முக்கும்போதும் பையனுக்கு வலது தொடை இடுக்கில் நெல்லிக்காய் அளவு புடைத்துக்கொண்டு வருகிறது, தூங்கினால் தானே உள்ளே போய்விடும். குடலிறக்கம், ஆபரேஷன்தான் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர் போட்டில் போகிறவர், ஏப்ரல் 15 தடைக்காலம் தொடங்கினால் 61 நாள் கரையில் இருப்பேன், அப்போது பார்ப்போம் என்கிறார். இப்போதுதான் தை மாதம். மாமியாரோ, இந்த வயதில் மயக்க மருந்து கொடுத்தால் மூளை மந்தமாகிவிடும் என்று அழுகிறார். எனக்கும் கத்தியைவிட மயக்கம்தான் பயம். ராமநாதபுரத்தில் செய்யலாமா, மதுரைக்கே போய்விடுவதா?

தொண்டி அக்கா
தங்கச்சி, தடைக்காலம் வரை காத்திருக்காதே. நானும் என் மகனுக்கு அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளினேன். ஒரு ராத்திரி வீக்கம் கல் மாதிரி இறுகி உள்ளே போகவே இல்லை, பிள்ளை வாந்தி எடுத்து வீறிட்டு அழுகிறான், 108இல் ஏற்றிக்கொண்டு ஓடினோம். டாக்டர் மெதுவாகக் கையால் தள்ளி உள்ளே அனுப்பி, இரண்டு நாள் கழித்து ஆபரேஷன் என்று நாள் குறித்தார். அந்த ராத்திரியை நினைத்தால் இப்போதும் நடுக்கம் வருகிறது. அப்புறம் ஆபரேஷன் அன்று காலையிலும் ஒரு கூத்து, வெறும் வயிறாக இருக்க வேண்டிய பிள்ளைக்கு, அழுகிறானே என்று பாட்டி ரெண்டு பிஸ்கட் கொடுத்துவிட்டார், அன்றைக்கு ஆபரேஷன் நின்றுபோய் மறுநாள்தான் நடந்தது.

தியேட்டர் நர்ஸ்
அக்கா சொன்னதுதான் சரி. விரை வயிற்றிலிருந்து இறங்கி வந்த வழி மூடாமல் நின்றுவிடுவதால் வருவது இது, தானாக மூடாது. பெரியவர்களுக்கு மாதிரி வலை வைக்க மாட்டார்கள், அந்த வழியில் பிதுங்கி வரும் பையைக் கட்டிவிடுவார்கள், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். மாமியாரிடம் சொல்லுங்கள்: கைக்குழந்தைகளின் இதே ஆபரேஷனை வைத்து 7 நாடுகளில் நடத்திய ஆய்வு 2019இல் வெளிவந்தது, ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக முழு மயக்கம் பெற்ற பிள்ளைகளுக்கும், முழித்திருக்கும்போதே முதுகில் ஊசி போட்டுச் செய்த பிள்ளைகளுக்கும் 5 வயதில் அறிவுத்திறனில் வித்தியாசம் இல்லை.

எந்த ஊர், எவ்வளவு பெரிய கட்டடம் என்பதைவிட மயக்கம் கொடுப்பது யார் என்று கேளுங்கள். அதற்கென்றே தனியாக மயக்க டாக்டர் இருக்க வேண்டும், சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பழகியவராகவும் இருக்க வேண்டும். மூச்சு கொஞ்சம் தடைப்பட்டாலும் பெரியவர்களைவிட வேகமாகப் பிள்ளைக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு இறங்கிவிடும், அதனால்தான் விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி, பிள்ளை அளவு முகமூடி, முழிக்கும் வரை பக்கத்திலேயே ஒரு ஆள், இதையெல்லாம் கேட்க வெட்கப்படாதீர்கள். ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரி 2022 முதல் மருத்துவக் கல்லூரியோடு இருக்கிறது, முதலில் அங்கே காட்டுங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் குழந்தைகள் அறுவைச் சிகிச்சைக்குத் தனிப் பிரிவே உண்டு. மாதம் நிறையாமல் பிறந்த இரண்டு மூன்று மாதக் குழந்தை என்றால் நேராக மதுரைதான் சொல்வேன், அவர்களுக்கு மயக்கம் தெளிந்த பிறகும் மூச்சு நின்றுபோக வாய்ப்பு உண்டு, ராத்திரி முழுக்கக் கண்காணிக்க வேண்டும்.

பால், பிஸ்கட், இட்லி எல்லாம் மயக்கம் கொடுப்பதற்கு 6 மணி நேரம் முன்பே நிறுத்துங்கள். தாய்ப்பால் 4 மணி நேரம், வெறும் தண்ணீர் 2 மணி நேரம். சளி, காய்ச்சல் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், சில வாரம் தள்ளிவைப்பார்கள்.

கீழக்கரை வாப்பா
என் மகனுக்கும் இதேதான். சுன்னத்தையும் அதே மயக்கத்தில் சேர்த்துச் செய்யலாமா?

தியேட்டர் நர்ஸ்
செய்கிறார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் பாய். ஆனால் சிறுநீர்த் துளை நுனியில் இல்லாமல் கீழே இருந்தால் சுன்னத் செய்யக் கூடாது, பிற்பாடு அதைச் சரிசெய்ய அந்தத் தோல் தேவைப்படும்.

பாம்பன் அம்மா
வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன், தொண்டி அக்கா எழுதியதைக் கேட்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை. திங்கட்கிழமை கடலுக்குப் போகவில்லை, காப்பீட்டு அட்டையை எடுத்துக்கொண்டு ராமநாதபுரம் போகிறோம். பிஸ்கட் டப்பாவை இப்போதே மேலே ஏற்றி வைத்துவிட்டேன்.