ஊருக்கு உழைத்த கறுப்பினத் தலைவர்கள் யார் யார்?

கேள்வி: உவர்மலைச் சனசமூக நிலையத்தில் பெப்ரவரியில், அமெரிக்காவில் கறுப்பின வரலாற்று மாதம் என்பதால், சின்ன நிகழ்வு வைக்கிறோம். மார்ட்டின் லூதர் கிங்கை எல்லோருக்கும் தெரியும். தங்கள் ஊருக்குள்ளேயே உழைத்தவர்களைச் சொல்லுங்கள்.

பதில் 1: மேரி மெக்லியோட் பெத்தூன். 1904இல் புளோரிடாவின் டேட்டோனாவில் கையில் ஒன்றரை டொலரோடு, 5 பெண்பிள்ளைகளையும் தன் மகனையும் வைத்துப் பள்ளி தொடங்கினார், அது இன்று பல்கலைக்கழகம்.

பதில் 2: மேகி வாக்கரை விடாதீர்கள் தம்பி. 1903இல் ரிச்மண்டில் ஏழைகளின் சில்லறைக் காசைச் சேர்த்து வங்கியே நடத்தியவர், சீட்டுப் பிடிக்கும் நம் அக்காமாருக்கு உடனே விளங்கும்! படத்துக்கு மாலை போட்டு வடை தின்றுவிட்டுக் கலையாமல், பிள்ளைகளுக்கு உண்டியல் கொடுங்கள்.

பதில் 3: சரி, புத்தளம் சிரம்பியடியில் மாஞ்சா என்னும் தங்கள் பாட்டைப் பாடும் ஆப்பிரிக்க வம்சாவளியினரையும் கூப்பிடலாமே? அழைப்பிதழில் அவர்களைக் குறிக்கும் ‘காப்பிலி’ என்ற பழைய சொல் வேண்டாம், எப்படி எழுதுவது என்று அவர்களிடமே கேளுங்கள்.