காவ் நியாவ் நடுவில் வேகவில்லை, யோசனை சொல்லுங்க

லாவோஸில் லுவாங் பிரபாங் பக்கம் மெகாங் கரைக் கிராமங்களில் செய்யும் காவ் நியாவ் என்ற ஒட்டரிசிச் சோறு பற்றி ஒரு சந்தேகம். ஒரு கிலோ அரிசி, இரவு முழுக்க ஊறியது. கூம்பு மூங்கில் கூடை, கழுத்து குறுகிய பானை. தண்ணீர் கூடையைத் தொடவில்லை. தொட்டால் அடி குழைந்துவிடும். 15 நிமிடம் அவித்து, சோற்றை மொத்தமாகப் புரட்டி, மேலும் 10 நிமிடம். ஓரம் பதமாக இருக்கிறது, நடுவில் மட்டும் நறுக்கென்று நிற்கிறது. அரிசி பழசா, இல்லை கூடைக்கு ஒரு கிலோ அதிகமா? (குக்கரில் வைக்கச் சொல்லாதீங்க, அது வேறு சோறு.)

இன்னொன்று: கைபேன் ஆற்றுப்பாசி வறுவலுக்குத் தொட்டுக்க ஜியோ போங் என்ற மிளகாய்த் துவையல் செய்யணும். அதில் சேர்க்கும் எருமைத் தோல் கிடைக்கவில்லை. விட்டுவிடலாமா, பதிலுக்கு ஏதாவது சேர்க்கலாமா?