பேட்ஜ் கெடச்சதும் கேம மூடிடுறாங்க, உதவி வேணும்

வணக்கம், மலேசியா சுங்கை சிப்புட்லேர்ந்து எழுதுறேன். பால்மரம் (ரப்பர் மரம்) சீவுறத வச்சு ஆண்ட்ராய்டு போனுக்கு யூனிட்டிங்கிற கேம் செய்ற சாஃப்ட்வேர்ல 8 மாசமா ஒரு கேம் செய்றேன், அதுல 30 அச்சீவ்மென்ட், அதாவது ஒன்ன செஞ்சு முடிச்சா கெடைக்கிற பேட்ஜ். எங்க தாமான் (குடியிருப்பு) பசங்க 6 பேருக்குக் கொடுத்து 3 வாரமாச்சு, கேம்ல வர்ற பாட்டி கதைய யாருமே படிக்கல, "100 மரம் சீவு" பேட்ஜுக்காக ஒரே நெரையில திரும்பத் திரும்ப சீவிட்டு, அது கெடச்சதும் கேம மூடிடுறாங்க. எனக்கு அந்தக் கதைதான் முக்கியம், எங்க பாட்டி தோட்டத்துல வேலை செஞ்சப்ப நடந்தது.

எண்ணிக்கைய 50 ஆக்கிப் பாத்தேன், பிளேஸ்டேஷன்ல சில டிராஃபி (அங்க பேட்ஜ் மாதிரி) மறைஞ்சு இருக்குமே அதே மாதிரி பாதி பேட்ஜ மறைச்சும் வச்சேன், ஒன்னும் மாறல. பேட்ஜ் கெடச்சா திரையில வர்ற பாப்-அப்பையே நிறுத்தினேன், அப்ப சுத்தமா ஆர்வமே போச்சு.

எண்ணிக்கை பேட்ஜெல்லாம் தூக்கிட்டு, கதையில புதுசா ஒன்னக் கண்டுபிடிச்சா மட்டும் கொடுத்தா சரியா வருமா, செஞ்சு பாத்தவங்க யாராச்சும் இருக்கீங்களா?