டொயோட்டா கொரோலா 110 காரில் 22ஆம் பிழைக் கோட் திரும்பத் திரும்ப வருகிறது, உதவுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே. தலவாக்கலையில் இருந்து எழுதுகிறேன். என்னுடையது 1996 மொடல் 110, பெட்ரோல். ஒரு மாதமாக விடியற்காலையில் ஸ்டார்ட் எடுக்கவே மாட்டேன் என்கிறது. வெயில் ஏறினால் சரியாகிவிடுகிறது. செக் எஞ்சின் லைட் அணைவதே இல்லை.

பொனட்டுக்குள் இருக்கும் டயக்னோசிஸ் பெட்டியில் டிஈ1, ஈ1 என்ற இரண்டு முனைகளையும் வயரால் இணைத்து, சாவியை ஓனில் வைத்துப் பார்த்தேன். செக் எஞ்சின் லைட்டில் இரண்டு மினுக்கல், சிறு இடைவெளி, மறுபடி இரண்டு. 22, அதாவது தண்ணீர் வெப்ப சென்சர். அதன் சிக்னல் கிடைக்காவிட்டால் எஞ்சின் கம்பியூட்டர் தண்ணீர் 80 பாகை சூடு என்று எடுத்துக்கொண்டு பெட்ரோலைக் குறைத்துவிடும். எங்கள் ஊர்க் குளிருக்கு அது எப்படிப் போதும்?

சென்சரை மாற்றிவிட்டேன். புதியதை மீட்டரில் அளந்தும் பார்த்தேன். 20 பாகையில் 2 முதல் 3 கிலோ ஓம் வர வேண்டும், சரியாகவே வருகிறது. ஈஎஃப்ஐ (பெட்ரோல் பீய்ச்சும் அமைப்பு) பியூஸைக் கழற்றிப் போட்டதும் கோட் அழிந்தது. இரண்டாம் நாள் மறுபடி 22.

வயர் எங்காவது அறுந்திருக்குமா, சென்சர் பிளக்கில் பச்சை பூத்திருக்குமா? கராஜில் நேராகக் கம்பியூட்டரை மாற்றச் சொல்கிறார்கள். வயரைப் பார்க்காமல் அதைச் செய்ய எனக்கு மனமில்லை. இதே வயரைச் சோதித்தவர்கள் எங்கே தொடங்கினீர்கள்? ஹட்டன், நுவரெலியா பக்கம் நல்ல ஒட்டோ எலெக்ட்ரீசியன் இருந்தாலும் சொல்லுங்கள். அம்மாவை விடியவே கிளினிக்குக்குக் கூட்டிப்போக இந்தக் கார்தான் இருக்கிறது.