ஒரு யார்டு, பத்து பேர்: ஓஹையோ ஸ்டேட் லைன் முரட்டு லைனா இல்லையா?

ஸ்கார்லெட்_சேகர்:
நேத்து இன்னொரு இழையில ஆன்ஆர்பர் மீனா மேடம் "ஓஹையோ ஸ்டேட் அஃபன்ஸிவ் லைன் பஞ்சு மெத்தை, தொட்டா அமுங்கும்"னு எழுதிட்டுப் போயிருக்காங்க. அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால்ல பந்தோட ஓடுறவனுக்கு எதிராளியைத் தள்ளி வழி விடுற முன்வரிசை அஞ்சு பேர்தான் அந்த லைன். அதுக்கு வரிசையா லைக் வேற. படிச்சதுல இருந்து மண்டை காயுது. அதான் தனி இழை.

2023 செப்டம்பர் 23, சவுத் பெண்ட். நாட்டர் டாம் சொந்த மைதானம். 14-10னு நாங்க பின்னாடி. ஒன்றரை நிமிஷத்துக்கும் குறைவான நேரத்துல 65 யார்டு வந்து, கடைசியில 3 செகண்ட், ஒரே ஒரு யார்டு. எங்க கோச் ரயன் டே பந்தை வீசச் சொல்லலை. சிப் ட்ரேயனம் கையில கொடுத்து நேரா லைன் நடுவுல விட்டார். டச்டவுன். 17-14. கடிகாரத்துல மிச்சம் 1 செகண்ட்.

முந்தின நாள்தான் நாட்டர் டாமோட பழைய கோச் லூ ஹோல்ட்ஸ் "ஓஹையோ ஸ்டேட்டைத் தோற்கடிச்சவங்க எல்லாருமே அவங்களைவிட உடல் பலத்தால ஆடினவங்க"ன்னு சொல்லியிருந்தார். ஆட்டம் முடிஞ்சதும் டே மைக் முன்னாடி "ஹோல்ட்ஸ் இப்ப எங்கே இருக்கார்"னு கேட்டார். நானும் அதையேதான் கேக்குறேன். மெத்தைக்காரங்க எல்லாம் எங்கே?

கோல்லைன்_கோபால்:
பத்து பேர்.

கதை முழுக்கச் சொன்ன சேகர் தம்பி, எதிரில் எத்தனை பேர் நின்றார்கள் என்பதை மட்டும் விட்டுவிட்டார். பதினொரு பேர் நிற்க வேண்டிய இடத்தில் நாட்டர் டாம் பத்து பேரோடு நின்றது. கடைசி ஸ்னாப்பில் (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்கும் நொடி) மட்டுமல்ல, அதற்கு முந்தைய ஸ்னாப்பிலும் பத்துதான். இல்லாமல் போனவர் ஓரத்தில் ஓடும் கார்னர்பேக் அல்ல, முன்வரிசையில் நின்று தடுக்கும் டிஃபன்ஸிவ் லைன்மேன். நாலாவது லைன்மேனை உள்ளே அனுப்பப் பார்த்தோம், டைம்அவுட் இல்லை, பெனால்டி வந்துவிடும் என்று நிறுத்திவிட்டோம் என நாட்டர் டாம் கோச் மார்கஸ் ஃப்ரீமனே ஆட்டம் முடிந்ததும் சொன்னார்.

ஆள் இல்லாத இடத்தில் ஒரு யார்டு எடுத்ததற்கு முரட்டுத்தனம் என்று பெயரா?

ஸ்கார்லெட்_சேகர்:
அண்ணே, அந்த ஆளை நாங்களா கட்டிப்போட்டு வச்சோம்? எண்ணத் தெரியாதது உங்க கோச். முந்தின ஸ்னாப்லயும் பத்து பேர்தான், ஆனா அதுல நாங்க டச்டவுன் போடலையே. பத்து பேரை வச்சே தடுத்தீங்க. அப்ப பத்து போதும், அடுத்ததுல மட்டும் பத்து போதாதா?

கோல்லைன்_கோபால்:
முந்தையது பாஸ். காற்றில் போன பந்தை லைன்மேன் எண்ணிக்கையோடு ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள்? பத்து பேர். அதற்குப் பதில் சொல்லுங்கள்.

ஆன்ஆர்பர்_மீனா:
என் பெயர் அடிபட்டதால் வந்தேன். சேகர் சார், ஒரு யார்டுக்கு இவ்வளவு கொண்டாட்டமா?

2023 நவம்பர் 11, பென் ஸ்டேட்டில் அவர்கள் மைதானத்திலேயே எங்கள் மிச்சிகன் தொடர்ந்து 32 தடவை பந்தை வீசாமல் ஓடியே ஆடியது. இரண்டாவது பாதியில் கணக்கில் ஏறிய ஒரு பாஸ்கூடக் கிடையாது. ஓடப்போகிறார்கள் என்று மைதானத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும், ஆனாலும் தடுக்க முடியவில்லை. 24-15. அன்றைக்கு எதிரில் பதினொரு பேர் நின்றார்கள்.

அடுத்தது நவம்பர் 25, உங்களோடுதான். மூன்றாவது குவார்ட்டரில் எங்கள் லைனில் ரைட் கார்டு இடத்தில் ஆடும் ஸாக் ஸின்டருக்குக் கால் முறிந்தது. ஸ்டேடியமே சத்தமில்லாமல் நின்றது. வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுபோனார்கள். கூட ஆடும் பையன்களுக்கு முகம் வெளிறிவிட்டது. அடுத்த ஸ்னாப்பிலேயே அதே லைன் வழியைத் திறந்துவிட, பிளேக் கோரம் 22 யார்டு ஓடி டச்டவுன். 30-24. முரட்டு லைன் என்றால் அது. ஒரு யார்டு எல்லாம் எங்களிடம் சொல்லாதீர்கள்.

ஸ்கார்லெட்_சேகர்:
சிக்னல் திருட்டு விவகாரத்துல உங்க கோச் ஜிம் ஹார்பா தடையில உக்காந்திருந்த வாரமெல்லாம் இப்ப வீரக் கதையா வருது. நடக்கட்டும்.

ஆன்ஆர்பர்_மீனா:
தடையில் இருந்தது கோச். பென் ஸ்டேட்டைத் தள்ளினது லைன். ஓடப்போகிறோம் என்று எல்லாருக்கும் தெரிந்த ஆட்டத்தில் எந்த சிக்னலைத் திருடுவது?

புதுமுகம்:
வணக்கம். நான் இந்த ஆட்டம் பார்க்க ஆரம்பித்து ஒரு சீசன்தான் ஆகிறது. ஒரு சந்தேகம். லைன்மேனை "டஃப்" என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? அடிபட்டாலும் ஆடுவதா, எதிராளியைத் தரையில் சாய்ப்பதா, விசில் ஊதும்வரை விடாமல் தள்ளுவதா? ஆளுக்கொன்று சொல்வது போலத் தெரிகிறது.

ஸ்கார்லெட்_சேகர்:
வாங்க தம்பி. நீங்க எந்த டீம்?

லிங்கன்_மாமா:
என்னப்பா, ஆளாளுக்கு லைன் லைன்னு பேசுறீங்க, நெப்ராஸ்கா பேரை ஒருத்தனும் எடுக்கலை? லைன்மேனுக்குன்னு இருக்கிற அவுட்லேண்ட் டிராஃபியை வேற எந்தக் காலேஜும் எங்க அளவுக்கு வாங்கலை. டேவ் ரிமிங்டன் 1981, 1982னு ரெண்டு வருஷம் சேர்ந்தாப்ல வாங்கினான். இன்னிக்கு சென்டருக்குக் குடுக்கிற டிராஃபிக்கே அவன் பேருதான்.

1996 ஜனவரி 2, சீசன் முடிவுல நடக்கிற ஃபியஸ்டா பௌல் ஆட்டம். ஃபுளோரிடாவை 62-24. பந்தைக் கையில வச்சுக்கிட்டு ஓடியே 524 யார்டு. எதிராளியை மல்லாக்கச் சாய்க்கிற பான்கேக்கை ஒண்ணு ரெண்டுன்னு எண்ணி வச்ச ஊரு எங்க ஊரு. எங்க லைன் கோச் மில்ட் டெனோபிர் வளர்த்த பயலுக. அவனுகளுக்கு முன்னாடி பத்து பேர் நின்னா என்ன, பன்னெண்டு பேர் நின்னா என்ன?

கோல்லைன்_கோபால்:
மாமா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் பேச்சு 2023 பற்றியது. பத்து பேர்.

வலதுகார்டு_ரவி:
கணக்குக்கு வரேன். பந்தைக் கொடுக்கிற குவார்ட்டர்பேக்கும் பந்தோட ஓடுறவரும் யாரையும் பிளாக் பண்ண, அதாவது தள்ளி மறிக்க, மாட்டாங்க. அதனால 11 பேர்ல பிளாக் பண்றது 9 பேர். எதிரில 11 பேர். சாதாரணமாவே டிஃபன்ஸுக்கு ரெண்டு பேர் உபரி. பத்து பேர் நின்னாலும் இன்னும் ஒருத்தர் உபரிதான். ஆக, அன்னைக்கும் ஓஹையோ ஸ்டேட் ஆள் குறைவாத்தான் தள்ளுச்சு.

ஸ்கார்லெட்_சேகர்:
ரவி, இதை பிரிண்ட் எடுத்து ஃபிரேம் போட்டு மாட்டணும். கோபால் அண்ணே, படிச்சீங்களா?

கோல்லைன்_கோபால்:
படித்தேன். லைன் எப்படி வேலை செய்கிறது என்பதை விட்டுவிட்டுத் தலையை மட்டும் எண்ணியிருக்கிறார்.

என் மகன் ஹைஸ்கூலில் லெஃப்ட் கார்டு ஆடுகிறான். கோல் லைனில் அவன் எப்படி நிற்கிறான் என்று வேலியோரம் நின்று பார்க்கிறவன் நான். ஒரு கை புல்லில், முட்டிக்குமேல் பாதி உடம்பு முன்னால் சாய்ந்து, முதுகு மேசைபோலத் தட்டையாக. ஸ்னாப் ஆனதும் முதல் அடி அரையடிகூட இருக்காது. அந்தக் குட்டி அடியில் எதிராளியின் தோள்பட்டைக்குக் கீழே தலையை நுழைத்து, இரண்டு கையையும் நெஞ்சுத் தட்டுக்கு உள்ளே குத்தி, இடுப்பைத் தூக்கி, விடாமல் காலை ஓட்ட வேண்டும். கை வெளியே போனால் ஹோல்டிங் (எதிராளியைப் பிடித்து இழுக்கும் தவறு), 10 யார்டு போச்சு. நிமிர்ந்தால் அவன் உன்னைத் தூக்கி விடுவான். கோபம் எவ்வளவு இருந்தாலும் முட்டி நீண்டுவிட்டால் ஒன்றும் நடக்காது.

இப்போது முன்வரிசைக்கு வாருங்கள். எதிரில் நாலு லைன்மேன் இருந்தால் ஐந்து பேரில் ஒரே ஒரு ஜோடிதான் சேர்ந்து ஓர் ஆளைத் தள்ள முடியும். மூன்று பேர்தான் என்றால் இரண்டு ஜோடி கிடைக்கும். இரண்டு பேர் ஒருவனைத் தள்ளி ஒரு யார்டு எடுப்பது வேலை. அதை நான் மட்டமாகச் சொல்லவில்லை. ஆனால் ஹோல்ட்ஸுக்குப் பதில் கொடுத்ததாக மார்தட்டும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது? பத்து பேர். முன்வரிசையில் ஒருவர் குறைவு. இதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

ஸ்கார்லெட்_சேகர்:
பதில் சொல்லியாச்சு, உங்களுக்குப் பிடிக்கலை, அவ்வளவுதான்.

ஹோல்ட்ஸ் பேரை எடுத்தீங்க. 1968ல எங்க கோச் வுடி ஹேஸ்கிட்ட உதவி கோச்சா வேலை பார்த்து எங்க உப்பைத் தின்னவர் அவர். அந்த வருஷம் நாங்க சாம்பியன். அந்த மனுஷன் எங்களைப் பத்தி அப்படிப் பேசலாமா?

கோல்லைன்_கோபால்:
1988ல் நாட்டர் டாமுக்கு சாம்பியன் பட்டம் வாங்கிக் கொடுத்தவர். அவர் யாரைப் பற்றி என்ன பேச வேண்டும் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். அவர் சொன்னதில் பொய் எது? 2021ல் மிச்சிகனிடம் 42-27. ஹசன் ஹாஸ்கின்ஸ் ஒருவரே ஐந்து டச்டவுன்.

ஆன்ஆர்பர்_மீனா:
அன்றைக்கு 297 யார்டு ஓடினோம். அந்த லைனுக்குத்தான் நாட்டின் சிறந்த லைனுக்கான ஜோ மூர் விருது. 2022லும் எங்களுக்கே.

ஸ்கார்லெட்_சேகர்:
விருதா? 2023ல அந்த விருது வாஷிங்டனுக்கு. அதே வாஷிங்டனை ஃபைனல்ல நீங்களே 34-13னு அடிச்சீங்க. 2024ல ஆர்மிக்குக் கொடுத்தாங்க. அந்த ஆர்மியை நேவி 31-13னு சாத்துச்சு. அந்த விருதை வச்சுக்கிட்டு என்ன பண்றது?

வலதுகார்டு_ரவி:
ஆர்மியைப் பத்தி அப்படிப் பேசாதீங்க சேகர். படிப்பு முடிஞ்சா ராணுவத்துல சேரணும், அதுக்கு எடை குறைச்சே ஆகணும்கிற பையன்கள். மத்த பெரிய காலேஜ் லைனைவிட எடை குறைவு. அவங்க சீசன் முழுக்கத் தன்னைவிடப் பெரிய ஆளைத் தள்ளினாங்க. தாழ்ந்து போய்க் காலை ஓட்டினாங்க. இந்த இழையிலயே நிஜமான டஃப்னா அவங்கதான்.

ஸ்கார்லெட்_சேகர்:
நேவி 31-13.

கோபால் அண்ணே, உங்களுக்குப் பதினொண்ணுதானே வேணும்? வாங்க. 2025 ஜனவரி 20, அட்லாண்டா, ஃபைனல். எதிரில உங்க நாட்டர் டாம். பதினோரு பேரும் நின்னாங்க, நான் எண்ணினேன். சீசன் நடுவுல எங்க லெஃப்ட் டாக்கிள் ஜாஷ் சிம்மன்ஸுக்கு முட்டி போச்சு. நவம்பர்ல சென்டர் செத் மெக்லாஃப்லினுக்குக் குதிகால் தசைநாண் அறுந்துச்சு. கார்டு ஆடிக்கிட்டிருந்த டோனவன் ஜாக்சனை டாக்கிளுக்கு நகர்த்தினோம். ஒட்டுப்போட்ட அந்த லைன் பின்னாடி க்வின்ஷான் ஜட்கின்ஸ் 11 தடவை ஓடி 100 யார்டு. அதுல ஒண்ணு 70 யார்டு. 34-23. இதுக்கு என்ன சொல்றீங்க?

கோல்லைன்_கோபால்:
நாட்டர் டாமும் லெஃப்ட் டாக்கிள் இல்லாமல்தான் அந்த ஆட்டத்தை ஆடியது என்பதை ஏன் சொல்லவில்லை? உங்கள் காயம் வீரம், எங்கள் காயம் காற்றா?

அது 2025. நீங்கள் இழை தொடங்கியது 2023ன் ஒரு யார்டை வைத்து. அதில் நின்றது பத்து பேர். ஆட்டத்தை மாற்றினால் விவாதம் மாறாது.

ஆன்ஆர்பர்_மீனா:
அதே லைன் 2024 நவம்பர் 30 அன்று கொலம்பஸில், சொந்த மைதானத்தில் எத்தனை யார்டு ஓடியது என்று சேகர் சார் சொல்லட்டும். நானே சொல்கிறேன். 77. எதிரில் 6-5 என்று வந்த மிச்சிகன். 13-10. அதற்குப் பிறகு ஒரு மாதம் சேகர் சார் இந்தப் பக்கமே வரவில்லை. ப்ளேஆஃபில் ஜெயித்ததும்தான் தலை காட்டினார்.

ஸ்கார்லெட்_சேகர்:
ஊர்ல அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு அப்பவே சொன்னேன். அதைப் போய் இழுக்கிறீங்க பாருங்க.

அந்த ஆட்டம் முடிஞ்சு எங்க மைதானத்து நடுவுல கொடியை நட வந்தது யாரு? சண்டை மூண்டு போலீஸ் மிளகாய் ஸ்ப்ரே அடிச்சது யாரால? விசில் ஊதினதுக்கு அப்புறம் காட்டுற வீரத்துக்கு எங்க ஊர்ல வேற பேரு.

ஆன்ஆர்பர்_மீனா:
நம்ம காலேஜுகள் ஆடும் பிக் டென் அமைப்பு ரெண்டு காலேஜுக்கும் ஆளுக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம் போட்டது. ரெண்டு காலேஜுக்கும். உங்கள் பையன்கள் கை கட்டிக்கொண்டு நிற்கவில்லை.

புதுமுகம்:
மன்னிக்கவும், நான் கேட்டதற்கு யாராவது...

லிங்கன்_மாமா:
மிச்சிகன்காரங்க கொடி நட்டதைப் பேசுறப்ப எனக்கு 1997 ஞாபகம் வருது. ரெண்டு பேரும் தோக்காம முடிச்சோம். பத்திரிகைக்காரன் ஓட்டு மிச்சிகனுக்கு, கோச்சுங்க ஓட்டு எங்களுக்கு. ஆடித் தெரிஞ்சவன் யாருக்குப் போட்டான்னு பாரு தாயி. அந்த ரெண்டு லைனும் நேருக்கு நேர் நின்னிருந்தா உங்க ஆளுக எந்திரிச்சிருக்க மாட்டாங்க.

ஆன்ஆர்பர்_மீனா:
மாமா, மிசௌரியில் தோற்க வேண்டிய ஆட்டத்தில் உங்கள் ஆள் காலால் எத்திவிட்ட பந்தை இன்னொருவர் பிடித்துத்தான் ஓவர்டைம் கிடைத்தது. 45-38. அது இல்லாவிட்டால் பட்டத்தைப் பங்கு போடும் பேச்சே வந்திருக்காது.

கோல்லைன்_கோபால்:
இழை எங்கேயோ போகிறது. ஒன்று சொல்லிவிடுகிறேன். அன்றைக்குப் பதினொன்றாவது ஆளை அனுப்பி பெனால்டி வாங்கியிருந்தாலும் பந்து அரை யார்டுதான் நகர்ந்திருக்கும். அனுப்பியிருக்க வேண்டும் என்று எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. ஆனால் ஃப்ரீமனின் பிழை உங்கள் லைனின் பெருமை ஆகாது. சனிக்கிழமை அந்தக் கடைசி ஸ்னாப்பை நிறுத்தி நிறுத்திப் படமாக எடுத்துப் போடுகிறேன்.

ஸ்கார்லெட்_சேகர்:
போடுங்க. படத்துக்கு மேல ஸ்கோரும் தெரியும்ல? அதையும் வெட்டாம போடுங்க.

லிங்கன்_மாமா:
மீனா, மிசௌரியை விடு தாயி. அந்த வருஷ பௌல் ஆட்டத்துக்கு வா. நாங்க பெய்டன் மேனிங் இருந்த டென்னஸியை 42-17னு தள்ளினோம். நீங்க வாஷிங்டன் ஸ்டேட்டை 21-16, அதுவும் அவன் பந்து கையில இருக்கையில கடிகாரம் ஓடிப்போய். இப்ப சொல்லு, யாரு லைன் பெருசு?